நீள்காலப் பணிப்பாய்வு அமைப்புகளில் பழம்பதிவு நீக்கம்: பதிவின் வயதைக் கணக்கிடும் முறை

ஆய்வுச்சுருக்கம்

பணிப்பாய்வு அமைப்புகள் தாம் நடத்தும் ஒவ்வொரு பணியின் நிலையையும் தரவுத்தளத்தில் பதிந்துவைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இயங்கும் அமைப்பில் இப்பதிவுகள் பெருகி, அதன் வேகத்தைக் குறைக்கின்றன. அவற்றை நீக்க முற்படும்போது, ஒரு பதிவு பழையது என்பதை எதைக்கொண்டு முடிவுசெய்வது என்னும் வினா எழுகிறது. அப்பாச்சி ஏர்ஃப்ளோ, கமுண்டா, டெம்போரல் ஆகிய மூன்று அமைப்புகளை ஒப்பிட்டு, பதிவின் வயதைப் பணி முடிந்த நாளிலிருந்து கணக்கிடுவதே பொருத்தமானது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பணிப்பாய்வு, தரவுத்தளம், தக்கவைப்புக் காலம், பதிவு நீக்கம், காப்பகம்

1. முன்னுரை

பல படிகளைக் கொண்ட ஒரு பணியை முறைப்படி நடத்த உதவும் மென்பொருளே பணிப்பாய்வு அமைப்பு. சுவடிப் படங்களைப் பெறுதல், எழுத்துணரி வழியே உரையாக்குதல், பிழை திருத்துதல், தொகுப்பில் சேர்த்தல் என அமையும் மின்னுருவாக்கப் பணியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு படி தோல்வியுற்றால் மீண்டும் முயல்வதும், இயக்கம் தடைப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் அமைப்பின் கடமைகள். இவற்றுக்கு ஒவ்வொரு படியின் நிலையும் தரவுத்தளத்தில் இருத்தல் வேண்டும்.

இப்பதிவுகள் பெருகும் விதத்தை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 20 படிகள் கொண்ட பணிப்பாய்வு மணிக்கு ஒருமுறை இயங்கினால், ஓர் ஆண்டில் 8,760 இயக்கங்களும் 1,75,200 படிப்பதிவுகளும் உண்டாகும். இத்தகைய பணிப்பாய்வுகள் 50 இருப்பின் படிப்பதிவுகள் மட்டும் 87,60,000 ஆகும். அடுத்து எப்பணியைத் தொடங்குவது என்பதை அறிய அமைப்பு இவ்வட்டவணைகளையே இடைவிடாது வினவுகிறது. ஆகவே பதிவுப் பெருக்கம் வினவல்களைத் தாமதப்படுத்துகிறது. காப்புநகல் எடுக்கும் நேரத்தையும் புதிய பதிப்புக்கு மாறும் நேரத்தையும் நீட்டிக்கிறது.

2. மூன்று அமைப்புகளின் நடைமுறை

ஏர்ஃப்ளோ 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தோன்றி, பின்னர் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாயிற்று. 2022இல் வெளியான இதன் 2.3 பதிப்பில் பதிவு நீக்கத்திற்கெனத் தனிக் கட்டளை சேர்க்கப்பட்டது. பயனர் ஒரு நாளைக் குறிப்பிட வேண்டும்; அந்நாளுக்கு முந்தைய பதிவுகள் நீக்கப்படும். இயல்பாக அவை முதலில் காப்பக அட்டவணைகளுக்குப் படியெடுக்கப்படுகின்றன. நீக்காமலேயே நீங்கவிருப்பவற்றைக் காட்டும் ஒத்திகை வசதியும் உண்டு. கால அட்டவணைப்படி நிகழ்ந்த கடைசி இயக்கத்தின் பதிவு மட்டும் எவ்வளவு பழையதாயினும் தக்கவைக்கப்படுகிறது; அடுத்த இயக்கத்தின் நேரத்தைக் கணிக்க அதுவே ஆதாரம்.

கமுண்டாவின் ஏழாம் பதிப்பு, நடப்பிலுள்ள பணிகளையும் அவற்றின் வரலாற்றையும் வெவ்வேறு அட்டவணைகளில் வைக்கிறது. வரலாற்றுப் பதிவுகளுக்கு வாழ்காலம் வரையறுக்கப்படுகிறது. பணி முடிந்த நேரத்துடன் அவ்வாழ்காலத்தைக் கூட்டி நீக்கும் நாளைக் கணிப்பது இயல்பான அமைவு. தொடங்கிய நேரத்திலிருந்து கணிக்குமாறும் மாற்றலாம். துணைப்பணிகள் தம் மூலப்பணியின் நீக்க நாளையே பெறுகின்றன.

டெம்போரலில் தக்கவைப்புக் காலம் பணி முடிவுற்ற பின்னரே தொடங்குகிறது. முடியாத பணியின் நிகழ்வு வரலாறு நீக்கப்படுவதில்லை. ஆயினும் ஒரு வரலாறு 51,200 நிகழ்வுகளையோ 50 மெகாபைட்டையோ கடக்க இயலாது. மிக நீண்ட பணி, தன்னை முடித்துக்கொண்டு அதே அடையாளத்துடன் புதிய வரலாற்றைத் தொடங்கும் வழியுண்டு. முடிந்த பகுதி உரிய காலத்தில் நீங்கிவிடும்.

3. தொடக்கமா, முடிவா?

ஏர்ஃப்ளோவின் இரண்டாம் பதிப்பு வரிசையில் இயக்கப் பதிவின் வயது, இயக்கம் தொடங்கிய நேரத்தைக்கொண்டு அளக்கப்படுகிறது. சில மணிநேரத்தில் முடியும் தொகுதிப் பணிகளில் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடைவெளி குறைவாதலின் இதனால் இடரில்லை. நீள்காலப் பணிகளில் நிலைமை வேறு. எல்லை 90 நாள் எனக் கொள்வோம். 120 நாள்களுக்கு முன் தொடங்கி, ஓர் அறிஞரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பணி, இன்னும் முடியாத நிலையிலேயே 'பழையது' ஆகிவிடுகிறது. 95 நாள்களுக்கு முன் தொடங்கி நேற்று முடிந்த பணியின் பதிவும் இன்று நீங்குகிறது. அதன் விளைவைச் சரிபார்க்க ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை. இயக்கப் பதிவு நீங்கும்போது, அயல் திறவுகோலால் பிணைக்கப்பட்ட படிப்பதிவுகளும் உடன் நீங்குவதால் இழப்பு மிகுகிறது.

முடிவிலிருந்து கணக்கிடும் முறைக்கும் ஒரு குறையுண்டு. பிழையால் முடங்கி, என்றுமே முடியாத பணியின் பதிவு என்றுமே பழையதாவதில்லை. எனவே நீண்ட காலம் அசைவற்றிருக்கும் பணிகளைத் தனியே பட்டியலிட்டு, பொறுப்பாளர் ஆராய்ந்து முறைப்படி முடித்துவைக்க வேண்டும். அதன்பின் தக்கவைப்பு விதி தானே அவற்றுக்குப் பொருந்தும்.

4. நீக்கமும் சேமிப்பிடமும்

பதிவை நீக்கியவுடன் சேமிப்பிடம் குறையும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் நீக்கப்பட்ட வரி உடனே அழிவதில்லை. வாக்யூம் என்னும் துப்புரவுச் செயல் அவ்விடத்தை மறுபயன்பாட்டிற்கு விடுவிக்கிறது. கோப்பின் அளவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அளவைக் குறைக்கும் முழுத் துப்புரவு, அட்டவணையையே புதிதாக எழுதுவதால், அதுவரை யாரும் அதைப் படிக்கவோ எழுதவோ இயலாதவாறு பூட்டிவிடுகிறது. ஆகவே பல ஆண்டுப் பதிவுகளை ஒரே நாளில் நீக்குவதைவிட, சிறு தொகுதிகளாக நாள்தோறும் நீக்கிவருவதே நன்று.

5. முடிவுரை

நீக்கத்திற்குரிய பதிவு, முடிந்த பணியினுடையதாகவும் முடிந்தபின் உரிய காலம் கடந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது. ஆய்வுப் பணிகளுக்கு மேலும் ஒரு நிபந்தனை தேவை. ஒரு பாடம் எந்த எழுத்துணரியின் எப்பதிப்பால், எந்நாளில் உருவாயிற்று என்பதற்குப் பல வேளைகளில் பணிப்பாய்வுப் பதிவே ஒரே சான்று. அச்சான்றை விளைபொருளோடு இணைத்துப் பாதுகாத்த பின்னரே பதிவை நீக்க வேண்டும். அவ்வாறன்றி நீக்கினால் தரவுத்தளம் விரைவாக இயங்கும்; அதிலிருந்து பிறந்த தொகுப்பின் நம்பகத்தன்மையை மெய்ப்பிக்க வழியிராது.