உஷார்! போனில் வருகிற போலீஸ்

மலேசியாவில் எந்தப் போலீஸ் அதிகாரியும் யாரையும் போனில் கைது செய்ய முடியாது. வாட்ஸ்அப் வீடியோவில் விசாரணை நடத்தி வாக்குமூலம் வாங்க மாட்டார். "உங்கள் பணம் நல்ல பணம்தானா என்று சோதிக்க வேண்டும், இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று எந்த நீதிமன்றமும் கேட்காது. இந்த மூன்றையும் இன்றைக்கே வீட்டில் உள்ள பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நம் ஜொகூர் பாரு தம்போய்த் தாமான்களைப் பகல் நேரத்தில் ஒரு சுற்று வந்தால் நிலைமை புரியும். வேலை செய்யும் வயதில் இருக்கிற பலர் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குள் போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலையில். வீட்டில் மிஞ்சுவது ஓய்வுபெற்ற அப்பா, முழங்கால் வலியோடு அம்மா, ஆளுக்கொரு ஸ்மார்ட்போன். அந்தப் போனுக்குள்ளேயே பேங்க் செயலி. அந்தக் கணக்கில் முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த இபிஎப் காசு. 55 வயது ஆனதும் அதை மொத்தமாக எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து மூன்றாவது கணக்கு என்று ஒன்று வந்த பிறகு, அதில் உள்ளதை 55 ஆகாதவர்களும் நினைத்த நேரத்தில் எடுக்கலாம். அவசரத்துக்கு உதவுகிற ஏற்பாடுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் போனிலேயே எடுக்க முடிகிற பணத்தைப் போனிலேயே பிடுங்கவும் முடியும். 2024ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடியில் இந்த நாட்டு மக்கள் இழந்தது 150 கோடி வெள்ளிக்கும் மேல்.

இதில் 'மக்காவ் ஸ்கேம்' என்று ஊரே சொல்கிற வகைதான் வயதானவர்களைக் குறிவைக்கிறது. முதலில் பேசுவது போலீஸ் இல்லை. கூரியர் கம்பெனி, பேங்க், வருமான வரி, இன்சூரன்ஸ் என்று ஏதோ ஒரு பெயர். "உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது" என்பார்கள். "உங்கள் ஐசியை வைத்து யாரோ கடன் வாங்கியிருக்கிறார்கள்" என்பார்கள். உங்கள் ஐசி எண்ணை உங்களுக்கே வாசித்துக் காட்டுவார்கள். நீங்கள் பதறிப்போய் மறுத்தால், "பாவம், உடனே போலீசில் புகார் கொடுத்துவிடுங்கள், நானே லைனை மாற்றித் தருகிறேன்" என்று பரிவாகச் சொல்வார்கள். பொறி அந்தப் பரிவில்தான் இருக்கிறது. அடுத்து வருகிறவர் 'இன்ஸ்பெக்டர்'. பின்னால் வாக்கிடாக்கி சத்தம் கேட்கும். திரையில் தெரிகிற எண் நிஜமான போலீஸ் நிலையத்தின் எண்ணாகவே இருக்கலாம்; வேறொரு எண்ணைப் பொய்யாகக் காட்டும் வித்தை பல வருடங்களாகப் புழக்கத்தில் உள்ளது. போதைப்பொருள் வழக்கு, கள்ளப்பண வழக்கு என்று மிரட்டிவிட்டு, உங்கள் பெயரும் முத்திரையும் போட்ட கைது ஆணையை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

அதன் பிறகு வருவதுதான் முக்கியமான வாக்கியம். "இது ரகசிய விசாரணை. மனைவியிடமோ பிள்ளைகளிடமோ சொல்லக் கூடாது. சொன்னால் அவர்களையும் சேர்த்து உள்ளே வைப்போம்." இதைக் கேட்ட கணமே போனை வையுங்கள். முகத்தில் அடித்த மாதிரி வையுங்கள், மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம்.

படிக்காதவர்கள்தான் இதில் விழுவார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவில் வர்த்மான் நூற்பாலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்ம பூஷண் பெற்றவர், 82 வயதில் இதே வலையில் விழுந்தார். 2024 ஆகஸ்டு கடைசியில் மோசடிக் கும்பல் அவரை 'டிஜிட்டல் கைது' செய்து, வீடியோவில் போலி உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றையே நடத்தியது. தலைமை நீதிபதி சந்திரசூட் என்று ஒரு குரல் பேசியது. போனது 7 கோடி ரூபாய். வக்கீல் படையே வைத்துக்கொள்ள வசதியுள்ளவர் அவர். ஆனாலும் தனியாக ஒரு திரையின் முன்னால் உட்காரவைத்துப் பயமுறுத்தினால் யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நம் ஆட்களுக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல். அது எங்கிருந்து வந்தது என்பதை மூடி மறைக்காமல் பேச வேண்டும். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் 22 வயது ஏ. குகன் போலீஸ் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்தது என்றது முதல் பிரேதப் பரிசோதனை. அடிபட்டதால் சிறுநீரகம் செயலிழந்தது என்றது குடும்பம் கேட்டு நடந்த இரண்டாவது பரிசோதனை. 2013இல் உயர் நீதிமன்றம் போலீஸ் தரப்பையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி, அவருடைய அம்மாவுக்கு 8 லட்சம் வெள்ளிக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2021இல் கோம்பாக்கில் தடுத்துவைக்கப்பட்ட பால் வியாபாரி ஏ. கணபதி, ஏப்ரல் 18ஆம் தேதி செலாயாங் மருத்துவமனையில் இறந்துபோனார். ஈப்போ இந்திரா காந்தியின் வழக்கில், குழந்தையைக் கொண்டுபோன முன்னாள் கணவரைப் பிடிக்கும்படி 2016இல் கூட்டரசு நீதிமன்றம் போலீஸ் படைத் தலைவருக்கே உத்தரவிட்டது. அதன் பிறகும் அந்தத் தாய் வருடக்கணக்காகத் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது.

இவையெல்லாம் நம் வீடுகளில் சாப்பாட்டு மேசைப் பேச்சு. லோக்காப்புக்குள் போனால் என்ன ஆகும் என்று ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மோசடிக்காரன் அந்தப் பயத்தைத்தான் கடன் வாங்கிப் பிழைக்கிறான். நிஜப் போலீஸ் நிலையத்துக்கு நடந்துபோய் "ஐயா, இப்படி ஒருவர் கூப்பிட்டார், உண்மையா?" என்று கேட்டால் அஞ்சு நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும். ஆனால் நிலையத்து வாசல்படி ஏறவே கால் கூசுகிறவர், போனில் வருகிற குரலுக்குப் பணத்தைக் கட்டிவிட்டுத் தப்பிக்கத்தான் பார்ப்பார்.

ஆகவே அரசாங்கத்திடம் வெளிப்படையாகவே சொல்கிறேன். விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டினால் மட்டும் இது தீராது. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது ஜைடின் தலைமையிலான அரச ஆணையம், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான தனி ஆணையம் வேண்டும் என்று 2005இலேயே பரிந்துரைத்தது. இழுத்தடித்து, பெயர் மாற்றி, பல் பிடுங்கி, 2023 ஜூலையில் ஐபிசிசி என்று ஒன்று வந்தது. விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம்; தானாகத் தண்டிக்க அதனால் முடியாது. காவலில் நடந்த ஒவ்வொரு சாவுக்கும் ஒளிவுமறைவில்லாத பதில் கிடைக்கிற நாளில்தான் நம் பெரியவர்கள் நிஜப் போலீசை நம்பிப் போலியைத் துரத்துவார்கள். நேர்மையாக உழைக்கிற போலீஸ்காரர்களுக்கும் அதுதான் நல்லது.

அதுவரைக்கும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு ஒருவரை அழைக்க வேண்டுமென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 111ஆவது பிரிவின்படி எழுத்து மூலமான உத்தரவு தர வேண்டும். வாக்குமூலம் 112ஆவது பிரிவின்படி அதிகாரியின் முன்னால் நேரில் எடுப்பது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் தர விட வேண்டும். 28ஏ பிரிவு அதைச் சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 5ஆவது விதி. வக்கீலுக்குக் காசில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியம், அதாவது ஒய்பிஜிகே, தடுப்புக்காவல் விசாரணையின்போதே மலேசியர்களுக்கு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்கிறது. 28ஏ பிரிவு யாருக்கும் சொல்லாதே என்று சொல்லவில்லை, உறவினருக்குச் சொல்ல விடு என்றுதான் சொல்கிறது. போனில் மிரட்டுகிறவன் கேட்பது இதற்கு நேர் எதிரானது.

இப்போது பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் பேச வேண்டும். இந்த மோசடியில் நம் பெரியவர்கள் பணத்தை இழக்கிறார்கள். நம் பையன்கள் வாழ்க்கையையே இழக்கிறார்கள். "மச்சான், உன் ஏடிஎம் கார்டு சும்மாதானே கிடக்கு? மாசம் கொஞ்சம் காசு தர்றோம், கார்டையும் பின் நம்பரையும் கொடு." மாமாக் கடை மேசையில் சாதாரணமாக நடக்கிற பேச்சு இது. கொடுப்பவன் பெரும்பாலும் கெட்டவனாக இருக்க மாட்டான். மோட்டார் சைக்கிள் தவணை கட்ட வழியில்லாதவன், இப்போதுதான் வேலை போனவன், ஒருசில சமயம் பதினெட்டுக்கூட முடியாதவன். எங்கோ ஒரு பாட்டியின் இபிஎப் காசு இவன் கணக்குக்குள் விழுந்து சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பறந்துவிடும். பெரிய தலை கம்போடியாவிலோ மியன்மார் எல்லையிலோ இருக்கும். போலீஸ் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவனைத்தான். அதுவும் தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவு என்றால் ஓராண்டிலிருந்து பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும். "எனக்கு ஒன்றும் தெரியாது, கார்டைத்தான் கொடுத்தேன்" என்று சொல்லித் தப்பித்த காலமும் போய்விட்டது. 2024இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதலான புதிய பிரிவுகள் இதற்கென்றே சேர்க்கப்பட்டன. அடுத்தவர் கார்டை வைத்திருப்பதும் தன் கார்டை அடுத்தவருக்குக் கொடுப்பதும் இனித் தனித்தனிக் குற்றங்கள். உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கிக் கொடுக்கச் சொன்னாலும் இதே கதைதான், மறுத்துவிடுங்கள்.

ஜொகூர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. "சிங்கப்பூரில் ஒரு வீட்டில் போய் ஒரு பையை வாங்கி வா, ஒரு நாள் சம்பளம் இவ்வளவு" என்று டெலிகிராமில் வேலை வருகிறது. அந்தப் பையில் இருப்பது போலி அதிகாரியின் பேச்சை நம்பி ஒரு முதியவர் எடுத்துக் கொடுக்கும் ரொக்கமோ தங்க நகையோ. இப்படிப் போன மலேசிய இளைஞர்கள் அங்கே அடிக்கடி பிடிபடுகிறார்கள். அந்த ஊர்ச் சட்டம் இதில் இரக்கம் பார்ப்பதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் சந்தேகப்படாமல் இருந்தாலே குற்றம் என்கிற திருத்தம் 2024 பிப்ரவரியிலிருந்து அமலில் உள்ளது. 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய இன்னொரு சட்டத்தின்படி மோசடிக் கும்பலைச் சேர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஆறு பிரம்படி கட்டாயம். கணக்கும் சிம் கார்டும் கொடுத்து உதவுகிறவர்களுக்குப் பன்னிரண்டு வரை கொடுக்கலாம். தினமும் அந்தப் பாலத்தைக் கடந்து உழைத்துச் சாப்பிடுகிற குடும்பங்கள் நாம். ஒரே ஒரு பைக்காக அந்த வாசல் ஆயுளுக்கும் அடைபட்டுவிடும்.

பேங்குகளையும் நான் விடுவதாக இல்லை. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா சொன்ன பிறகு எஸ்எம்எஸ் குறியீட்டைக் கைவிட்டார்கள், புதுப் போனில் செயலியைப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள், கணக்கை நாமே முடக்கிக்கொள்ளும் வசதி கொடுத்தார்கள். நல்லது. ஆனால் எழுபது வயதுக்காரர் ஒருவர், தன் வாழ்நாளில் பணம் அனுப்பியிராத ஒரு கணக்குக்கு, ஒரே பகலில் சேமிப்பு முழுவதையும் அனுப்பும்போது அதை நிறுத்தி ஒரு போன் போட்டுக் கேட்க ஏன் மனம் வரவில்லை? சிங்கப்பூரில் 2025 ஜூலையிலிருந்து, ஏமாறிக்கொண்டிருக்கும் ஒருவர் சொன்னாலும் கேட்காமல் பணம் அனுப்பப் போனால் அவர் கணக்கைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கப் போலீசுக்கு அதிகாரம் இருக்கிறது. நம் போலீசுக்கு இன்னும் ஓர் அதிகாரமா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. எனக்கும் தயக்கம் உண்டு. காலக்கெடுவும் மேல்முறையீடும் இருந்தால் நான் ஆதரிப்பேன்.

இன்னொன்று, சுருக்கமாக. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது பத்திரிகையே இல்லை. தொட்டால் உங்கள் போன் அவன் கைக்குப் போய்விடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள், அவர் போன் முன்பே பறிபோயிருக்கும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணுக்குப் போன். அதே மூச்சில் பேங்கின் மோசடித் தொலைபேசி எண், செயலியில் கணக்கை முடக்கும் பொத்தான். பிறகு மகனோ மகளோ கூட வர, நேரில் போய்ப் போலீஸ் புகார். வெட்கப்பட்டு மறைத்தால் ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும். அந்தப் பெரியவரைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்று பயந்தே பலர் வீட்டில் சொல்வதில்லை.

கார்டைக் கொடுத்துவிட்ட பையன் உங்கள் வீட்டில் இருந்தால், அவனை இன்றைக்கே உட்கார வைத்துக் கேளுங்கள். அந்தக் கணக்கு எந்தப் பேங்க், யாரிடம் கொடுத்தான், எப்போது கொடுத்தான், அவர்கள் அனுப்பிய செய்திகள் இன்னும் போனில் இருக்கின்றனவா. எதையும் அழிக்க விடாதீர்கள். உடனே பேங்குக்குக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், புகாருக்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள், அவரோடு போய் அவனே புகார் கொடுக்கட்டும். போலீஸ் கதவைத் தட்டிய பிறகு சொல்வதைவிட, அவனாகவே போய்ச் சொல்வதை நீதிமன்றம் வேறு மாதிரி பார்க்க வாய்ப்புண்டு.