படுகளத்தில் ஒரு தங்கையின் குரல்

மாண்டவர் எழுந்து உட்காருவதைக் கண்ணால் கண்டதுண்டா என்று கேட்டால் நேயர்கள் சிரிப்பார்கள். கொங்கு நாட்டுக் கிராமவாசி சிரிக்க மாட்டார். "போன திருவிழாவிலே கண்டேனே!" என்பார். அவர் சொல்வது பொய்யுமன்று.

கோயமுத்தூர், ஈரோடு, கரூர்ச் சீமைகளில் அண்ணன்மார் சுவாமிக்குக் கோயில் எடுத்திருக்கும் ஊர்கள் பல. அக்கோயில் திருவிழாவின் சிகரம் படுகளம். உடுக்கையும் பறையும் முழங்க, அருள் வந்து ஆடுகிறவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தரையில் சாய்கிறார்கள். அவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். சற்று முன்வரை குதூகலமாயிருந்த கூட்டம் அப்படியே அடங்கிப் போகிறது. பிறகு எங்கிருந்தோ ஒரு பெண்ணின் விம்மல். அதைத் தொடர்ந்து இன்னொன்று. சிறிது நேரத்துக்கெல்லாம் களம் முழுவதும் அழுகைக் குரலாகி விடுகிறது.

அழுகைக்குக் காரணமான கதை கொங்கு நாட்டில் குழந்தைகளுக்கும் தெரிந்ததுதான். வெளியூர் நேயர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். வளநாட்டையாண்ட குன்னுடையானுக்கும் தாமரைக்கும் பிறந்த இரட்டையர் பொன்னரும் சங்கரும். மூத்தவர் சாந்தமே உருவானவர். இளையவரோ வாளை உறையில் வைக்கத் தெரியாதவர். இருவருக்கும் உயிருக்குயிரான தங்கை அருக்காணி. தங்காள் என்பதே ஊரார் அழைக்கும் பெயர். பகையும் போரும் முற்றிய நாளில் மாயவர் எய்த அம்பினால் தம் காலம் முடிந்ததென்று உணர்ந்த சங்கர், தம் வாளின்மீதே விழுந்து மாய்கிறார். தம்பி போனபின் தமக்கு என்ன வாழ்வு என்று பொன்னரும் அவ்வழியே போகிறார். வீட்டில் காத்திருந்த தங்காள் தனியாகக் காட்டில் புகுந்து, புலம்பியபடியே அண்ணன்மாரைத் தேடுகிறாள். உடுக்கடிப் பாட்டில் கேட்பவர் நெஞ்சை உருக்கும் பகுதி இதுதான். கடைசியில் தெய்வ அருளால் அவர்களை எழுப்பியும் விடுகிறாள்.

ஆனால் எழுந்தவர்கள் வீடு திரும்புவதில்லை. தங்கையோடு சிறிது நேரம் பேசுகிறார்கள்; எங்கள் காலம் முடிந்தது, அம்மா, என்று விடைபெற்று மறுபடியும் கண்ணை மூடிக் கொள்கிறார்கள். இந்த இடத்தில் கதை செய்தவனுடைய மனத்துணிவை நான் வியக்கிறேன். மாண்டவரை நிரந்தரமாய் எழுப்பிவிடுவது கதைகளில் எளிது. தங்காளுக்குக் கிடைத்ததோ விடைபெற்றுக் கொள்ளும் அவகாசம் மட்டுமே. நெருங்கியவரைத் திடீரென்று பறிகொடுத்தவர்கள் எல்லாரும் மனத்துக்குள் ஏங்குவது அந்தச் சிறிது நேரத்துக்குத்தானே?

படுகளத்தில் அழுகிற பெண்களின் கண்ணீர் முழுவதும் பொன்னருக்கும் சங்கருக்குமே உரியதென்று நான் நம்பவில்லை. வயலில் பாம்பு கடித்துப் போன தம்பி, மில்லுக்குச் சென்று திரும்பாத அண்ணன், பெயர் வைக்கு முன்னரே போய்விட்ட குழந்தை, எல்லாரும் அந்த வெள்ளைத் துணிக்குள்ளே படுத்திருக்கிறார்கள். வீட்டில் வாய்விட்டு அழுதால், "எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்பார்கள். இங்கே கேட்பாரில்லை.

களத்தில் விழுந்தவர்களில் சாம்புவனும் உண்டு. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, அண்ணன்மாருடன் கடைசிவரை நின்ற துணைவன் அவன். மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசி மாதம் நடக்கும் பெருவிழாவுக்குக் கொங்கு நாட்டிலிருந்து திரள் திரளாகப் போகிற ஜனங்கள் அவனையும் வணங்கியே திரும்புகிறார்கள். இக்கதையைத் தங்கள் குலப் பெருமைக்கு மட்டும் உரிய பத்திரமாக்கிக் கொள்ளப் பார்ப்பவர்கள் சாம்புவனையும் சிறிது நினைத்துப் பார்க்கலாம். கதையில் எதிரிகளாக வரும் வேட்டுவர்களின் வழிவந்தோரும் அதே சந்தையில் காய்கறி வாங்கும் அண்டை வீட்டார்தாமே!

இக்கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பாடக்கூடிய உடுக்கடிப் பாடகர்கள் ஒரு காலத்தில் பல ஊர்களில் இருந்தார்கள். ஏடு பார்த்துப் பாடுவதில்லை, எல்லாம் மனப்பாடம். 1965-ஆம் ஆண்டில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் வந்து தங்கிய பிரெண்டா பெக் என்ற அம்மையார் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிற்பாடு தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு தொகுதிகள் 1992-இல் வெளிவந்தன. நம்மவரில் கவிஞர் சக்திக்கனல் ஏட்டுப் பிரதியை ஆராய்ந்து பதிப்பித்தார். நாம் தூங்கிக் கொண்டிருந்த இரவுகளில் ஒரு வெளிநாட்டு மாது விழித்திருந்து கேட்டாள் என்பதில் நமக்குச் சிறிது வெட்கமும் இருக்க வேண்டும். நன்றியும் இருக்க வேண்டும்.

பாட்டுக்காரரைப் போலவே குயவரும் இந்த நினைவைக் காப்பவர். சக்கரத்தில் வனைந்த பாகங்களைக் கையால் இணைத்துக் குதிரையின் உடலை உண்டாக்குகிறார். சூளையில் சுட்டபின் வர்ணம் ஏறுகிறது. இத்தகைய மண் உருவாரங்களை நேர்த்திக்கடனாகச் சுமந்து வந்து கோயிலில் நிறுத்துகிறார்கள். வருஷா வருஷம் சில சிதைந்து சாயும். அடுத்த வருஷம் புதியவை வரும்.

இவ்விதம் மண்ணாலும் ஆட்டத்தாலும் மாண்டவரைப் போற்றுவது நமக்கு மட்டும் உரியதன்று. பூமியின் மறுபுறத்திலுள்ள மெக்ஸிகோ தேசத்தில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோர் திருநாள் கொண்டாடுகிறார்கள். வீட்டில் படையல் மேடை அமைத்து, போனவருக்குப் பிடித்த பண்டங்களை வைத்து, சர்க்கரையால் மண்டையோடு செய்து, வர்ணக் காகிதத்தில் சித்திரம் வெட்டித் தொங்கவிடுகிறார்கள். மிச்சோகான் பிரதேசத்தில் வாலிபர்கள் கிழவர் முகமூடி அணிந்து கூனிக் கூனி ஆடுகிற நடனம் பிரசித்தம். இத்திருநாளை ஐக்கிய நாடுகளின் கலாசார ஸ்தாபனம் 2008-இல் மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆவிகளுக்கு வழிகாட்டுவதற்கென்று அவர்கள் வாசலிலிருந்து மேடைவரை தூவும் மஞ்சள் பூ எது தெரியுமா? நம் செண்டுமல்லியேதான்! அப்பூவின் தாய்நாடே மெக்ஸிகோ. கடல் கடந்து வந்து சத்தியமங்கலத்துத் தோட்டங்களில் பூத்து, சாமிக்கு மாலையாகவும் நம்மவர் பாடைக்கு அலங்காரமாகவும் ஆகிவிட்டது.

பூ அங்கிருந்து வந்ததேயொழிய நினைவு இங்கேயே இருந்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் அகழ்ந்த பழங்காலக் கல்லறைகளில், மாண்டவருக்குத் துணையாக வைத்த சூதுபவள மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அதே நொய்யலின் மேற்கே பேரூரில், ஆற்றில் இட்ட எலும்பு கல்லாகிவிடும் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கப் படித்துறைக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால், அந்தச் சொல்லை மறுத்துப் பேச மனம் வருவதில்லை.

படுகளத்துக்கே திரும்புவோம். தங்காளின் பெயரால் நீர் தெளிக்கிறார்கள். முதலில் ஒரு கால் விரல் அசைகிறது; பிறகு போர்வை விலகுகிறது. மாண்டவர் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து, இடம் தெரியாதவர்போல் விழித்து, பக்கத்திலிருப்பவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அழுத பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, தூங்கிவிட்ட குழந்தைகளைத் தோளில் போட்டுக் கொண்டு வீட்டை நோக்கி நடக்கத் தொடங்குகிறார்கள்.