பேனர் வைக்க யாரிடம் அனுமதி? உத்திரமேரூர் வட்டாரத்துக்கான விதிகள்

விளம்பரப் பலகையோ ஃபிளெக்ஸ் பேனரோ வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, அது நிற்கப்போகும் இடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதுதான். உத்திரமேரூர் ஒரு பேரூராட்சி. சுற்றியுள்ள மானாம்பதி, சாலவாக்கம், பெருநகர் போன்றவை கிராம ஊராட்சிகள். காஞ்சிபுரம், வந்தவாசி, புக்கத்துறை பக்கம் போகும் முக்கியச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் உள்ளவை. கடைக்குள் நிற்கும் பலகைக்கு ஒரு விதி, வாசலைத் தாண்டிச் சாலை ஓரத்துக்கு வந்துவிட்டால் வேறு விதி. இந்த எல்லைகளைப் பார்க்காமல் குழி தோண்டுவதில்தான் பெரும்பாலான மீறல்கள் தொடங்குகின்றன.

பேரூராட்சி எல்லைக்குள் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பொருந்தும். 1998-இல் இயற்றப்பட்ட இந்தச் சட்டம், அதற்கான விதிகளுடன் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில், ஜூன் 1 அன்று, கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே இரும்புச் சாரத்துடன் ராட்சத விளம்பரப் பலகை சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். உரிமம் இல்லாமல் பலகை வைத்தால் மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்று அரசு அப்போது எச்சரித்தது. பலகையை நிறுவும் நிறுவனம் மட்டுமல்ல, அதற்கு இடம் கொடுத்த நில உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். சாலையோர வயலை வாடகைக்கு விடுபவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

நிரந்தரப் பலகைகளைவிட அதிகம் கவனிக்க வேண்டியவை தற்காலிகப் பேனர்கள். திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என எல்லாவற்றுக்கும் பேனர் உண்டு. இரண்டு நாள் நிற்கப்போகும் துணிக்கு அனுமதி எதற்கு என்ற எண்ணம் ஊரில் பரவலாக இருக்கிறது, அது தவறு. டிஜிட்டல் பேனர்களுக்கென்றே 2011-இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. நிகழ்ச்சிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இட உரிமையாளரின் சம்மதமும் காவல் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் ஆகியவற்றின் முன்பும், சாலை முனைகளிலும், சிலைகள் அருகிலும் வைக்கக் கூடாது. அனுமதி எண்ணும் தேதியும் அச்சகத்தின் பெயரும் பேனரின் அடியில் அச்சாகியிருக்க வேண்டும். இந்த அடிவரிதான் விதிகளில் மிக முக்கியமானது. பேனரில் வாழ்த்துவோர் முகங்கள் வரிசையாக இருக்கும். ஆனால் அது விழுந்தால் யார் பொறுப்பு என்பதை அந்தச் சிறிய எழுத்து மட்டுமே சொல்லும்.

ஒரு பேனர் நிற்கும் விதத்தைப் பார்த்தாலே ஆபத்து விளங்கும். சவுக்குக் கம்புகளைக் கட்டுக்கம்பியால் சட்டமாக முடைந்து, அதன்மேல் ஃபிளெக்ஸை இழுத்துக் கட்டி, தார்ச்சாலையின் ஓரத்தில் முழ ஆழத்துக்குக் குழி பறித்து நட்டுவிடுகிறார்கள். காற்று பலமாக அடித்தால் மொத்தப் பாரமும் அந்தக் குழியின் மேல்தான். சட்டம் இரும்பாக இருந்து, தலைக்கு மேல் மின்கம்பியும் போனால், தூக்கி நிறுத்துபவரின் உயிருக்கே உத்தரவாதமில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுத்தடுப்பில் வைத்திருந்த திருமண பேனர் ஸ்கூட்டரில் சென்ற 23 வயது மென்பொருள் பொறியாளர் மேல் விழுந்தது; நிலைதடுமாறியவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. விதி இல்லாததால் நேர்ந்த மரணம் அல்ல அது. மாநிலம் முழுவதும் பேனர் வைக்க உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே இடைக்காலத் தடை விதித்திருந்தது. அதே 2019 அக்டோபரில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்துக்குச் சீன அதிபர் வந்தபோது, வரவேற்புப் பேனர் வைக்க அரசே நீதிமன்றத்தை அணுகியது.

கிராம ஊராட்சிகளில் 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பொருந்தும். ஊராட்சிச் சாலையை ஆக்கிரமிப்பதையும் போக்குவரத்துக்குத் தடை ஏற்படுத்துவதையும் அது தடுக்கிறது. பலகை வைக்க விரும்புபவர் முதலில் ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். நெடுஞ்சாலையின் எல்லைக்குள் வருவதானால் அத்துறையின் ஒப்புதலும் தேவை. ஊராட்சித் தலைவரின் வாய்மொழிச் சம்மதம் அங்கே செல்லாது. மின்கம்பங்களில் தட்டி கட்டுவதை எந்த ஊராட்சியாலும் அனுமதிக்க முடியாது.

உத்திரமேரூருக்கே உரிய ஒரு கட்டுப்பாடும் உண்டு. குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இந்தக் கோயிலின் வளாகத்துக்குள் உரிய அனுமதி இல்லாமல் விளம்பரம் வைக்கக் கூடாது. சுற்றிலும் 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன்அனுமதி தேவை. அடித்தளம் போட்டு நிறுத்தும் பெரிய பலகையைத் திட்டமிடுபவர்கள் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது செலவை மிச்சப்படுத்தும்.

கடையின் பெயர்ப்பலகைக்குத் தொழிலாளர் துறையின் விதி தனி. பெயர் தமிழில் முதலில் வர வேண்டும். ஆங்கிலமும் பிற மொழியும் சேர்த்தால் எழுத்தின் அளவு 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும்.

கட்டண விஷயத்தில் ஒரு குழப்பம் நீடிக்கிறது. ஜிஎஸ்டிக்காக 2016-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டபோது விளம்பர வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வரிதான் போனது, உரிமமும் அதற்கான கட்டணமும் போகவில்லை. கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தேர்தல் நேரத்தில் கூடுதல் நிபந்தனைகள் சேரும். சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. தனியார் வீட்டுச் சுவரில் சின்னம் வரைய உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் தேவை.

அனுமதியில்லாத பேனரைக் கண்டால் உத்திரமேரூரில் பேரூராட்சி செயல் அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ புகார் தரலாம். நடவடிக்கை இல்லையென்றால், காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். கிராமங்களில் கிராம சபை இருக்கிறது. எந்தெந்த இடங்களில் பேனர் வைக்கவே கூடாது என்று அங்கே தீர்மானம் கொண்டுவர, அந்த ஊராட்சியின் வாக்காளர் யாருக்கும் உரிமை உண்டு.