நல்ல பொய் என்று ஒன்று உண்டா?

ஒழுக்கவியல் என்றதும் பல்கலைக்கழகப் பாடம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். சப்ரகமுவ தோட்டங்களில் அது லயத்து வாசலுக்கே வந்த கேள்வி.

1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட மக்கள் வன்செயலுக்கு ஆளானார்கள். 1983இலும் அது தொடர்ந்தது. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அங்கே யுத்தமும் அவர்களை விடவில்லை. அந்த வன்செயல் நாட்களில் தமிழரை வீட்டில் மறைத்து வைத்து, தேடி வந்தவர்களிடம் "இங்கே யாருமில்லை" என்று சொன்ன சிங்கள அயலவர்களும் இருந்தார்கள்.

சொன்னது பொய். அது பிழையா?

கொலைகாரன் கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று ஜேர்மனிய அறிஞர் கான்ட் 1797இல் எழுதினார். பொய்யை அனுமதித்தால் மனிதர் பேச்சில் நம்பிக்கையே அற்றுவிடும் என்பது அவர் வாதம். விளைவைப் பார் என்பார்கள் ஜோன் ஸ்டுவர்ட் மில் வழி வந்தவர்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்றார் வள்ளுவர். அமெரிக்காவின் கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய நூலில், 'என்னை நம்பியிருப்பவர் யார்?' என்று கேட்பதும் முதிர்ந்த அறச் சிந்தனையே என்று காட்டினார்.

சில வருடங்களுக்கு முன் கேகாலைப் பக்கத் தோட்டமொன்றில் இதைப் பற்றிக் கலந்துரையாடினோம். ஒரு அக்கா எழுந்தார்.

"மிஸ், வன்னியில எங்க வீட்டுக்காரரு காணாமப் போயிட்டாரு. வெளிநாட்டுல இருக்காருன்னு மககிட்ட சொல்லி வச்சிருக்கேன். இதுவும் நல்ல பொய்தானே?"

"பிள்ளை அழாம இருந்தா போதும்" என்றார் ஒருவர். "நாளைக்கு வேற யாராவது சொன்னா, ஒன்னையே நம்பாதே" என்றார் ஒரு பாட்டி.

இரண்டு பொய்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். கதவைத் தட்டியவன் கொல்ல வந்தவன். யோசிக்க நேரமும் இல்லை. மகளோ தாயை நம்பி இருப்பவள், நேரமும் இருக்கிறது. ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டோம். இந்தப் பொய் காப்பது பிள்ளையையா, என்னையா? பின்னர் தெரியவந்தால் அவள் என்ன நினைப்பாள்? வேறு வழி உண்டா?

மூன்றாவது கேள்விக்குப் பாட்டியே பதில் சொன்னார்: "செத்துட்டாருன்னு ஏன் சொல்லணும்? ஒனக்கே தெரியாதே. தெரியாது, தேடிக்கிட்டிருக்கேன்னு சொல்லு. அதுதான் உண்மை."

அக்கா அன்று எதுவும் சொல்லவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. அவர் வாழ்க்கை, அவர் முடிவு.

அடுத்த மாதம் வந்தார். "சொல்லிட்டேன் மிஸ். 'எனக்கு எப்பவோ தெரியும்மா, நீங்க அழுவீங்கன்னுதான் கேக்கல'ன்னு சொன்னா."

தாயைக் காக்க மகளும் மௌனம் காத்திருக்கிறாள். இனி இருவரும் சேர்ந்து தேடலாம்.