மனச்சோர்வு ஈமான் குறைவா? மூளைப் படங்கள் சொல்வது என்ன?

மஸ்கெலியா பக்கம் யாராவது தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்று செய்தி வந்தால், நகரத்துக் கடைகளிலும் தோட்டத்து லயன்களிலும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். "ஏதோ பிடிச்சிருக்கு" என்பார்கள் சிலர். "ஈமான் இல்லை" என்பது நம்மவர்களின் தீர்ப்பு. பெற்றோர் வாயால் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அது சரிதானா?

எம்.ஆர்.ஐ. கருவி வந்த பின், மண்டையோட்டைத் திறக்காமலே மூளையின் அமைப்பையும் இயக்கத்தையும் பார்க்க முடிகிறது. இருபது வருடங்களில் வெளியான 131 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையொன்று 2020இல் வெளிவந்தது. அந்த ஆய்வுகளில் பங்குபற்றியோர் 12,000க்கும் அதிகம். தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையதாக இரண்டு வலையமைப்புகளை அது சுட்டிக்காட்டியது.

முதலாவது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் கீழ்ப்பகுதி. உணர்ச்சிகளைச் சமநிலையில் வைப்பது இதன் வேலை. இது தளர்ந்தால் கவலை கட்டுக்கடங்காது. இருண்ட எண்ணங்களே திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது, முன்மூளையின் மேற்பகுதியும் அதைச் சார்ந்த இடங்களும். "வேறு வழி இருக்கிறது" என்று யோசிக்க வைப்பதும், அவசர முடிவுக்குத் தடை போடுவதும் இதுதான். முதலாவது பழுதுபட்டால் எண்ணம் வரலாம். இரண்டாவதும் சேர்ந்து தளர்ந்தால் எண்ணம் செயலாகும் ஆபத்துக் கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 2021இல் 18,925 பேரின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்விலும் வேறுபாடுகள் தெரிந்தன. ஆனால் அவை மிகச் சிறியவை. பலரின் சராசரியில்தான் அவை தென்படும். ஒருவரின் படத்தைப் பார்த்து "இவர் தற்கொலைக்கு முயல்வார்" என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. ஆகவே பிள்ளையை ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டாம். மூளை மாறக்கூடியது, சிகிச்சையால் மனச்சோர்வு குணமாகக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தத் "தடை" எவ்வளவு முக்கியம் என்பதற்கு நமது நாடே சாட்சி. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 பேர் அளவில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. கடும் நச்சுத்தன்மையுள்ள கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. 2005 ஆகும்போது அந்த வீதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மக்களின் கவலைகள் பத்து வருடத்தில் தீர்ந்துவிடவில்லை. ஆபத்தான அந்தச் சில நிமிடங்களில் உயிர்கொல்லி கைக்கெட்டவில்லை. கிடைத்த அவகாசத்தில் உயிர்கள் தப்பின. தோட்டப் புறங்களில் மருந்துப் போத்தல்களை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டி வைக்கச் சொல்வது இதனால்தான்.

இஸ்லாம் தற்கொலையைத் தடுக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹறாம் என்ற சட்டம் வேறு, நோயாளியைக் குற்றவாளியாக்குவது வேறு. மகனைப் பிரிந்த கவலையில் யஃகூப் (அலை) அவர்கள் பார்வையையே இழந்தார்கள். ஒரு நபியின் ஈமானில் குறை சொல்ல யாருக்குத் துணிவுண்டு? நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். துஆவும் வேண்டும், வைத்தியரும் வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளை உறக்கம், சாப்பாடு, நண்பர்களை விட்டு விலகினால், "வாழ்ந்து என்ன பயன்" என்று பேசினால், நேரடியாகவே கேளுங்கள்: "உயிரை விடும் எண்ணம் வருகிறதா, மகள்?" அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. குறுக்கிடாமல் கேளுங்கள். தனியே விடாதீர்கள். அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்க வேண்டாம். 1998 முதல் தற்கொலை முயற்சி இந்நாட்டில் குற்றமல்ல.

தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இதை உங்கள் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் பாடசாலைச் சுவரிலும் எழுதி வையுங்கள்.