பெருஞ்சிலந்திக் குஞ்சு வளர்ப்பு

மனிதன் தன் இல்லத்திற் பேணி வளர்க்கும் உயிர்களின் வரிசையிற் சிலந்திக்கும் ஓரிடம் உண்டு என்பது நம்மவர் பலருக்கு வியப்பைத் தரலாம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 'டரன்டுலா' எனப்படும் பெருஞ்சிலந்தியைக் குஞ்சுப் பருவந்தொட்டு வளர்ப்பது பல்லாண்டுகளாக நிலவிவரும் ஒரு பொழுதுபோக்காகும். இப்பெயர் தென் இத்தாலியிலுள்ள டரன்டோ நகரின் பெயரிலிருந்து தோன்றியது; முதலில் அப்பகுதியில் வாழும் ஓநாய்ச் சிலந்தி ஒன்றையே குறித்தது. பின்னர் ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்திற் கண்ட மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்கும் அதனைச் சூட்டினர். இன்று தெரபோசிடே என்னும் குடும்பத்துச் சிலந்திகள் யாவும் அப்பெயராலேயே வழங்கப்படுகின்றன. ஈழத்திலே மரப்பொந்துகளில் வாழும் புலிமுகச் சிலந்தியும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே.

வளர்ப்போர் பெரிதும் விரும்பும் மெக்சிக்கோ நாட்டுச் செம்முழங்காற் சிலந்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தாய்ச்சிலந்தி நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டு, அவற்றைப் பட்டிழையாற் பொதிந்து காக்கும். இரையுண்ணத் தொடங்கும் பருவத்துக் குஞ்சு சில மி.மீ. நீளமே உடையது. குஞ்சுகள் ஒன்றையொன்று உண்ணும் இயல்பின ஆதலின், ஊசித்துளைகளிட்ட தெளிந்த சிறு குப்பிகளிலே அவற்றைத் தனித்தனியே வைத்தல் வேண்டும். குப்பியின் அரைப்பங்கிற்குத் தென்னந் தும்புத்தூளை இட்டால், குஞ்சு அதில் வளை தோண்டி உறையும்.

இளங்குஞ்சுகளின் இறப்புக்கு முதன்மையான காரணம் பசியன்று, உடல் வறட்சியேயாம். உடல் சிறிதாகுந்தோறும், அதன் பருமனுக்கு ஒப்பிடுகையில் மேற்பரப்பு மிகுந்து, நீரிழப்பும் மிகும். எனவே தும்புத்தூளின் ஒரு பகுதியை எப்பொழுதும் ஈரலிப்பாக வைத்தல் அவசியம். முழுவதையும் நனைத்துக் காற்றோட்டத்தையும் அடைத்துவிட்டாலோ, பூஞ்சணமும் சிற்றுண்ணிகளும் பெருகும். ஒரு புறம் ஈரமாகவும் மறுபுறம் உலர்ந்தும் இருப்பின், தனக்கு ஏற்ற இடத்தைக் குஞ்சே தெரிந்துகொள்ளும்.

பறக்கவியலாத பழ ஈக்களும், அப்பொழுது பொரித்த சுவர்க்கோழிக் குஞ்சுகளும் இதற்கு உணவாகும். வாரத்தில் ஒரு முறையோ இரு முறையோ உணவளித்தல் போதுமானது. இரை சிலந்தியின் வயிற்றினும் பெரிதாயிருத்தல் ஆகாது. மிகச் சிறிய குஞ்சுக்குக் கொன்ற இரையின் துண்டொன்றை வைத்தாலும் உண்ணும். உண்ணாது எஞ்சியதை மறுநாளே அகற்றிவிடல் வேண்டும்.

இவ்வுயிரின் வாழ்வில் மிக இடர் நிறைந்த காலம் தோலுரிக்குங் காலமாகும். சிலந்தியின் உடலை மூடியுள்ள புறவன்கூடு உடலோடு சேர்ந்து வளர்வதில்லை. ஆதலின் பழைய கூட்டைக் கழற்றியே அது பெருக்க இயலும். அக்காலம் அணுகும்பொழுது வயிறு கருத்து மினுங்கும். குஞ்சு உணவை மறுக்கும். வளையின் வாயிலையும் அடைத்துக்கொள்ளும். பின்னர் அது மல்லாந்து கிடந்து தோலுரிக்கும். இதனைக் கண்ட புதியவர் பலர் சிலந்தி இறந்ததென எண்ணிக் கிண்டிப் பார்ப்பதுண்டு. அச்செயலே அதன் இறப்புக்குக் காரணமாதலுங் கூடும். உண்மையில் இறந்த சிலந்தியின் கால்கள் உடலின் கீழ் மடங்கிச் சுருண்டிருக்கும். கால்களை நீட்டுவது உடற்பாய்மத்தின் அமுக்கம். உயிர் நீங்கியதும் அவ்வமுக்கம் குன்றிவிடுகின்றது. தோலுரித்தபின் நச்சுப்பற்கள் வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். அவை சிவந்து கருக்கும்வரை இரை இடுதல் தகாது. உயிருள்ள இரை அக்காலத்திற் சிலந்தியையே காயப்படுத்தவல்லது. இழந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மீண்டும் வளர்வதும் அறியத்தக்கது.

பெருஞ்சிலந்தி கையிலெடுத்துச் சீராட்டுதற்குரியதன்று. அமெரிக்க இனங்களிற் பல தம் வயிற்றிலுள்ள நுண்மயிர்களை உதிர்த்துக் கண்ணுக்கும் தோலுக்கும் எரிச்சல் விளைக்கும். புலிமுகச் சிலந்தியினத்துக்கு அம்மயிர் இல்லை. ஆனால் அதன் கடி கடும் வலியையும் தசைப்பிடிப்பையும் உண்டாக்கும். மேலும், வளர்ந்த சிலந்தி சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் மெல்லிய வயிறு வெடித்து இறந்துபோகலாம்.

செம்முழங்காற் சிலந்தியின் வளர்ச்சி மிக மெதுவானது. பெண் முதிர்வடையப் பல ஆண்டுகள் செல்லும். முதிர்ந்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. ஆணோ இறுதித் தோலுரிப்பின் பின்னர் நெடுங்காலம் வாழ்வதில்லை. இம்மெதுவான வளர்ச்சியிலேதான் இப்பொழுதுபோக்கின் அறப்பிரச்சினை அடங்கியுள்ளது. காட்டிலிருந்து முதிர்ந்த பெண் ஒன்றைக் கவர்ந்தால், அவ்விழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிற் செம்முழங்காற் சிலந்தி 1985இற் சேர்க்கப்பட்டது. இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டுமே வாழும் புலிமுகச் சிலந்திச் சாதி முழுவதும் 2019இல் அதே பின்னிணைப்பிற் சேர்க்கப்பட்டது.

அச்சாதியைச் சேர்ந்த ஆந்திர நாட்டு நீலச்சிலந்தியின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். குத்தி என்னும் ஊரின் புகையிரத மரக்கிடங்கிற் கிடைத்த ஒன்றைக்கொண்டு போகொக் என்னும் அறிஞர் 1899இல் இதனை விவரித்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இயற்கையில் எவரும் இதனைக் கண்டதாகப் பதிவில்லை. 2001இலேயே மீண்டும் அறியப்பட்டது. இன்று இதன் குஞ்சுகள் பல நாடுகளில் வளர்ப்போரிடமே பொரிக்கின்றன. காட்டிலோ இவ்வினம் அழியும் விளிம்பில் நிற்கின்றது. குப்பியிற் பெருகுவது காட்டிற் குறைவதற்கு ஈடாகாது. ஆனாற் காட்டிலிருந்து பிடிக்கவேண்டிய தேவையை அது நீக்கவல்லது. ஆதலின் குஞ்சொன்றை வாங்க விழைபவர் அது வளர்ப்பிற் பொரித்ததா, காட்டிற் பிடித்ததா என்று முதற்கண் வினவுதல் வேண்டும். அதற்கு விடை கூறாதவரிடம் வாங்காது விடுவதே இச்சிலந்திக்குச் செய்யும் முதற் பராமரிப்பாகும்.