ஏரி நீரும் படியாட்களும்

செம்பரம்பாக்கம் ஏரி பாய்ந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலமும் ஊர் உரிமையும் மிராசுதாரர்கள் வசம் இருந்தன. சேற்றில் இறங்கி உழைத்த பறையர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் படியாட்கள் என்ற பண்ணையடிமைகளாகக் கட்டுண்டு கிடந்தன. தந்தை வாங்கிய கடன் மகன் தலையில் இறங்கியது. குடிசை போட்ட மனைகூடப் பல ஊர்களில் மிராசுதாரருடையது; எதிர்த்துப் பேசினால் இருக்க இடமில்லை.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தால் அடிமையாக ஒருவரை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது. ஆனால் நிலமில்லாதவருக்கு அந்தச் சட்டங்கள் சோறு போடவில்லை.

இந்த நிலையை அரசுக்கு உறைக்கும்படி எழுதியவர் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர். அவரது 1891 அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பிறகு அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். நில மீட்புக் கோரிக்கை இன்றும் நிற்கிறது. அது நிறைவேற்றப்பட வேண்டும்.